சீட் கிடைத்தது... சேர்ந்தாளா?

ஜூன் பிறந்துவிட்டால், கொல்கத்தா சால்ட் லேக்கில் கருணாமயி பக்கம் இருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளை ஒருத்தி, பக்கத்தில் அவள் அம்மா. காலையில் மூன்று வீட்டு வேலையை முடித்துவிட்டு, கை ஈரம்கூடக் காயாமல் வந்திருப்பார். மார்போடு அணைத்த பிளாஸ்டிக் உறைக்குள் ஆதார், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், நாலு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. எல்லாவற்றுக்கும் மேலே பத்தாம் வகுப்புத் தேர்வின் ஹால் டிக்கெட். வங்காளத்தில் அந்த ஹால் டிக்கெட்டுக்குத் தனி மரியாதை. பிறந்த தேதிக்கு ஆயுள் முழுக்க அதுதான் சாட்சி.

"மாசி (சித்தி), போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லுங்க" என்பான் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பையன்.

அம்மா விழிப்பார். ஆதாரோடு இணைத்த எண் பிள்ளையின் அப்பாவுடையது. அப்பா இருப்பதோ சென்னையில், ஏதோ ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் சாரத்தின் மேல். செல்போன் கீழே சாப்பாட்டுப் பையில் கிடக்கிறது. மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. ஓ.டி.பி.க்கு ஆயுள் சில நிமிடம்தான். அது காலாவதியானதும் பையன் அடுத்தவரைக் கூப்பிடுவான். அம்மாவும் பெண்ணும் ஒதுங்கி நின்றுகொள்வார்கள். மாலை வீட்டு வேலைக்கு நேரமாகிவிட்டால், "நாளைக்கு வரலாம்" என்று கிளம்பிவிடுவார்கள்.

அந்த 'நாளைக்கு' வருகிறதா என்பதுதான் இந்தக் கட்டுரை.

கல்லூரியில் இடம் இருக்கிறது. விண்ணப்பம் இலவசம். உதவித்தொகையும் உண்டு. இருந்தும் வாசல் வரை வந்த பிள்ளை உள்ளே போகாமல் திரும்புகிறது. விண்ணப்பிப்பதற்கும் வகுப்பில் உட்கார்வதற்கும் நடுவே உள்ள அந்தச் சில வாரங்களில்தான் ஏழை வீட்டுப் பிள்ளைகளைத் தொலைக்கிறோம். யாரும் தடுத்ததால் தொலைவதில்லை. கைபிடித்துக் கூட்டிப்போக ஆள் இல்லாததால் தொலைகிறார்கள்.

தலைமையகத்தின் நிழலில்

சால்ட் லேக், மேற்கு வங்க முதல்வராக இருந்த பிதான் சந்திர ராய் கனவு கண்ட நகரம். 1962-இல் ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து, உப்பேரிச் சதுப்பை மேடாக்கும் வேலை தொடங்கியது. நகரத்தைத் திட்டமிட்டு வரைந்தவர் யூகோஸ்லாவியக் கட்டடக் கலைஞர் தோப்ரிவோயே தோஷ்கோவிச். இரண்டிரண்டு எழுத்தில் பெயர் வைத்த பிளாக்குகள், வழி சொல்லப் பயன்படும் தண்ணீர் டேங்குகள், மர நிழல், அமைதியான வீடுகள்.

மாநிலத்தின் உயர்கல்வித் துறை இயங்கும் பிகாஷ் பவன் இங்கேதான் இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் கொல்கத்தா மண்டல மையம் அதே வளாகத்தில். நேதாஜி சுபாஷ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் அலுவலகம் டி.டி. பிளாக்கில். அரசு நடத்தும் பிதான்நகர் கல்லூரி இ.பி. பிளாக்கில். வங்காளத்துப் பிள்ளை ஒன்று எங்கே படிக்கலாம் என்று முடிவாகும் கோப்புகளில் பெரும்பகுதி இந்த ஊர் மேசைகளைத்தான் கடந்து போகின்றன.

அதே சால்ட் லேக்கின் ஓரத்தில் தத்தாபாத் இருக்கிறது. மெட்ரோ பாலத்தின் அடியில் நெருக்கியடித்து நிற்கும் வீடுகள். பிளாக் வீடுகளில் பாத்திரம் தேய்க்கவும், பிள்ளை பார்க்கவும், ரிக்‌ஷா ஓட்டவும் காலையில் புறப்படும் மக்கள் அங்கிருந்தும், கால்வாய்க்கு அப்பால் கேஷ்டோபூரிலிருந்தும் வருகிறார்கள். பிகாஷ் பவனுக்கு அவர்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் சில நிமிடம். ஆனால் அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி படியேறப்போகும் பிள்ளைக்கு அது வேறு தேசம்.

ஒரு கதவு, 25 விருப்பம்

மேற்கு வங்கத்தில் 2024 வரை ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனி விண்ணப்பம். 'சீட் வாங்கித் தருகிறேன்' என்று வாசலில் பணம் பறித்த கும்பல்கள் 2018-இல் மாநிலத்தையே உலுக்கின. அதற்கெல்லாம் முடிவு கட்ட, 2024 ஜூனில் ஒரே போர்ட்டல் வந்தது. நல்ல சீர்திருத்தம் என்பதில் சந்தேகமில்லை. பத்துக் கல்லூரிக்குப் பத்து முறை அலைந்த பிள்ளை ஒரே இடத்தில் உட்கார்ந்து விண்ணப்பிக்கலாம். இடைத்தரகருக்கு வேலை இல்லை.

பெட்டிச் செய்தி: ஒற்றைச் சாளரம், சில எண்கள்

• மேற்கு வங்கம், 2024: 16 பல்கலைக்கழகங்களின் கீழ் 461 கல்லூரிகள், 7,217 பாடப்பிரிவுகள்.
• ஒரு மாணவர் 25 விருப்பங்கள் வரை வரிசைப்படுத்தலாம். விண்ணப்பக் கட்டணம் இல்லை.
• தமிழ்நாட்டில் அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கும் ஒரே இணையதளம். விண்ணப்பம் 48 ரூபாய், பதிவு 2 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 2 ரூபாய் மட்டும்.
• உயர்கல்விச் சேர்க்கை விகிதம் (2021-22, அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு): தமிழ்நாடு 47, இந்தியா 28.4, மேற்கு வங்கம் 26.3 விழுக்காடு.

ஆனால் 25 விருப்பங்களை எந்த வரிசையில் போடுவது? வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியை முதலில் போடுவதா, பிடித்த பாடத்தை முதலில் போடுவதா? கிடைத்ததை ஏற்றுக்கொண்டு அடுத்த சுற்றில் மேலே போகக் காத்திருப்பதா, அதோடு நிறுத்திக்கொள்வதா? படித்த பெற்றோர் உள்ள வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பேசி முடித்துவிடுவார்கள். மற்ற வீட்டில் ஜெராக்ஸ் கடைப் பையன்தான் கல்வி ஆலோசகர். பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது அவன் ஐந்து நிமிடத்தில் வரிசையைப் போட்டுத் தருகிறான். மூன்று வருடப் படிப்பு அந்த ஐந்து நிமிடத்தில் தீர்மானமாகிவிடுகிறது.

மூன்று மாதம் என்ன செய்யும்?

2025-இல் நடந்தது இன்னும் பெரிய பாடம். பிளஸ் டூவுக்கு இணையான உச்ச மாத்யமிக் தேர்வு முடிவு மே 7-ஆம் தேதி வந்தது. போர்ட்டல் திறந்தது ஜூன் நடுவில். பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் தொடர்பான வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் நடந்துகொண்டிருக்க, தரவரிசைப் பட்டியல் வெளியாக ஆகஸ்ட் ஆகிவிட்டது.

வசதியுள்ள வீட்டுக்கு மூன்று மாதம் என்பது எரிச்சல். தனியார் கல்லூரியில் பணம் கட்டிவிட்டுப் போய்விடலாம். கூலி வீட்டில் மூன்று மாதம் என்பது விதி. சும்மா இருக்கும் பையனை மாமா ஒருவர் துணிக்கடையில் சேர்த்துவிடுவார். முதல் மாதச் சம்பளம் வீட்டு அரிசியாக மாறிய பிறகு, "வேலையை விட்டுட்டுக் காலேஜுக்குப் போறேன்" என்று சொல்ல அந்தப் பையனுக்கே நா எழாது. ஊர்க்காரர்களோடு ஷாலிமாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறி, அப்பா நிற்கும் அதே சாரத்துக்கு வந்துவிடுவான். பெண்ணாக இருந்தால் வீட்டில் வரன் பேச்சு எழும். ஆகஸ்ட்டில் பட்டியல் வரும்போது பெயர் இருக்கும், பிள்ளை இருக்காது.

சென்னையில், திருப்பூரில், கோவையில் நாம் தினமும் பார்க்கும் அந்த இளம் முகங்களில் எத்தனை பேர் ஏதோ ஒரு பட்டியலில் பெயர் வந்தவர்கள் என்று எந்த அலுவலகமும் எண்ணிப் பார்க்கவில்லை.

காலி இடங்கள் மட்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. 2024-இல் மேற்கு வங்கத்தின் போர்ட்டலில் 9 லட்சத்துக்கும் அதிகமான இடங்கள் இருந்தன. ஏறத்தாழப் பாதி நிரம்பவில்லை. அதற்குப் பல காரணங்கள் உண்டு. பட்டம் வாங்கினால் வேலை வரும் என்ற நம்பிக்கை தளர்ந்ததும் ஒன்று. 2025 ஏப்ரல் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 26,000 பள்ளிப் பணி நியமனங்களை ரத்து செய்தபின், வேலையிழந்த ஆசிரியர்கள் பிகாஷ் பவன் வாசலில்தான் இரவு பகலாக உட்கார்ந்து போராடினார்கள். 'படித்தால் வாத்தியார் ஆகலாம்' என்று பிள்ளைக்குச் சொல்லிவந்த தாய், அந்த வழியாகத்தானே வேலைக்குப் போகிறார்.

ஓர் எழுத்து மாறினால்

சேர்க்கையில் பிள்ளையை மடக்குவது பல நேரம் ஓர் எழுத்துதான். பள்ளிச் சான்றிதழில் 'மொண்டல்', ஆதாரில் 'மண்டல்'. கல்யாணத்துக்கு முன் 'காத்துன்' என்று இருந்த தாய், பிறகு எடுத்த அட்டைகளில் 'பீபி'. தமிழ்நாட்டில் இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதில் நாம் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள், அதே துன்பம்.

தொலைநிலைக் கல்வியிலாவது வழி எளிதாக இருக்குமா? வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவருக்கு நேதாஜி சுபாஷ் பல்கலையும் இக்னோவும்தான் புகலிடம். ஆனால் 2024 முதல் திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிப் படிப்பில் சேர யு.ஜி.சி.யின் 'டெப் ஐ.டி.' கட்டாயம். அதற்கு முன் கல்விக் கிரெடிட் வங்கியின் 'ஏ.பி.சி. ஐ.டி.' வேண்டும். அதற்கு டிஜிலாக்கர். அதற்கு ஆதார். ஆதாருக்கு, சாரத்தின் மேல் நிற்கும் அப்பாவின் போன். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் கதவு திறக்காது.

போலிப் பட்டங்களைத் தடுக்க இந்தக் கட்டுப்பாடுகள் வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு கண்ணியையும் உருவாக்கியவர்கள், அந்தக் கண்ணியில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியையும் போட்டிருக்க வேண்டும்.

நாற்காலி போட்டவர்கள்

அந்த நாற்காலியைப் பற்றி முதலில் யோசித்தவர்கள் சமுதாயக் கல்லூரிக்காரர்கள். அமெரிக்காவில் 1901-இல் ஜோலியட் ஜூனியர் கல்லூரி ஆறு மாணவர்களோடு தொடங்கியது. கட்-ஆஃப் இல்லை, வயது வரம்பு இல்லை, வீட்டுக்குப் பக்கத்தில், குறைந்த கட்டணத்தில் படிக்கலாம் என்பது அங்கிருந்து வளர்ந்த எண்ணம்.

இந்தியாவில் அதற்கு வித்திட்டது நம் பக்கம்தான். 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி, 1996-இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தின் மெட்ராஸ் சமுதாயக் கல்லூரி. லயோலா கல்லூரியின் முதல்வராக இருந்த இயேசு சபைக் குரு சேவியர் அல்போன்ஸ், இந்த இயக்கத்தைத் தமிழ்நாடெங்கும் பிறகு நாடெங்கும் எடுத்துச் சென்றார். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இத்தகைய கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தந்து பட்டயம் வழங்கியது.

சமுதாயக் கல்லூரிக்காரர்களின் வரிசை தலைகீழ். முதலில் அந்த வட்டாரத்தில் என்ன வேலை இருக்கிறது என்று விசாரிப்பார்கள். மருத்துவமனையா, தையல் ஆலையா, குளிர்சாதனப் பழுதுபார்ப்பா என்று கண்டறிந்து, அதற்கேற்ப ஒரு வருடப் பாடம் வகுப்பார்கள். பள்ளியைப் பாதியில் விட்டவரும் சேரலாம். தொழிலோடு சேர்த்துப் பேசக் கற்றுத்தருவார்கள், தன்னம்பிக்கை தருவார்கள், பாதி நாள் வேலையிடத்திலேயே பயிற்சி. 'நீ தகுதியானவளா?' என்பது அங்கே கேள்வியாக இருக்கவில்லை. 'உனக்கு என்ன வேண்டும்?' என்றுதான் கேட்டார்கள்.

பிறகு தேசிய அளவில் வந்த முயற்சிகளுக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை. இக்னோ 2009-இல் சமுதாயக் கல்லூரித் திட்டத்தைத் தொடங்கியது. நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் பதிவு செய்தன. சில ஆண்டுகளில் திட்டம் நின்றது. 2013-இல் யு.ஜி.சி. தன் திட்டத்தை அறிவித்து, இருக்கும் கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரிகளை அமைக்க நிதி தந்தது. திட்டம் வரும், நிற்கும், வேறு பெயரில் மீண்டும் வரும். அரசுக்கு அது கோப்பு. ஆனால் நடுவில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு, கையில் இருக்கும் சான்றிதழ் செல்லுமா செல்லாதா என்ற கவலை.

பெட்டிச் செய்தி: சேரும் முன் கேட்க வேண்டியவை

• இந்தச் சான்றிதழை வழங்குவது யார்? பல்கலைக்கழகமா, மாநிலக் கவுன்சிலா, தனி நிறுவனமா? அந்தப் படிப்புக்கு இந்த ஆண்டு அனுமதி இருக்கிறதா?
• இதை முடித்தால் அடுத்து பட்டப்படிப்பில் சேர முடியுமா? கிரெடிட் கணக்கில் ஏறுமா?
• கட்டணம் மொத்தம் எவ்வளவு? தேர்வுக் கட்டணம், பதிவுக் கட்டணம் தனியா? ரசீது தருவார்களா?
• ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா? தேர்வு முடிவு வரும் முன்பே திருத்திவிடுங்கள்.
• ஆதாரோடு இணைத்த போன் வீட்டில் இருக்கிறதா? வெளியூரில் இருப்பவர் எண் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.
• விண்ணப்ப எண்ணையும் கடவுச்சொல்லையும் வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள். கடைக்காரரிடம் மட்டும் இருக்கக் கூடாது.

பணம் வரும், ஆனால் எப்போது?

மேற்கு வங்கத்தில் பண உதவிக்குப் பஞ்சமில்லை. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கான சுவாமி விவேகானந்தர் உதவித்தொகையை மாநிலம் முழுக்க மாணவர்கள் 'பிகாஷ் பவன் ஸ்காலர்ஷிப்' என்றுதான் சொல்கிறார்கள். கட்டடத்தின் பெயரே உதவித்தொகைக்கு ஆகிவந்திருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு 2013 முதல் கன்யாஸ்ரீ: 18 வயதில் திருமணமாகாமல் படிப்பில் இருந்தால் 25,000 ரூபாய். 2021-இல் மாணவர் கடன் அட்டை: 4 விழுக்காடு தனிவட்டியில் 10 லட்சம் வரை.

இவையெல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் சேர்க்கைக் கட்டணம் கட்டக் கெடு சில நாள். உதவித்தொகை வருவது பல மாதம் கழித்து. நடுவில் இருக்கும் அந்த இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குத்தான் அம்மா வேலை பார்க்கும் வீட்டில் முன்பணம் கேட்டு நிற்கிறார். 'தீதி, சம்பளத்துல கழிச்சுக்குங்க' என்று சொல்லும்போது அவர் குரல் எப்படித் தாழும் என்பது நமக்குத் தெரியாததல்ல. நம் ஊரிலும் அக்கா, அம்மா என்று கூப்பிட்டு இதே வாக்கியம் சொல்லப்படுகிறது.

தமிழ்நாட்டின் புதுமைப்பெண் திட்டம் 2022 முதலும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாயை மாணவர் கணக்கில் போடுகின்றன. மாதாமாதம் வரும் பணம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிறது. பிள்ளையைச் சேர்ப்பதோடு நில்லாமல், படிப்பை விடாமல் தக்கவைக்கவும் உதவுகிறது.

பக்கத்தில் ஓர் ஆள்

இங்கே அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே கல்லூரி உதவித்தொகைக்கான அரசு விண்ணப்பம் நீளமானது, சிக்கலானது. வருமான வரிக் கணக்கு எழுதும் கடைகளுக்கு வந்த ஏழைக் குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு, அங்கேயே ஓர் ஆள் உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தையும் நிரப்பித் தந்தார். வேறு ஒரு பகுதியினருக்குத் தகவல் மட்டும் தந்தார்கள். 2012-இல் வெளியான முடிவு இது: விண்ணப்பத்தை நிரப்பித் தந்த வீடுகளில், அடுத்த மூன்றாண்டுக்குள் இரண்டு ஆண்டு கல்லூரிப் படிப்பை முடித்த பிள்ளைகள் 28 விழுக்காட்டிலிருந்து 36 ஆக உயர்ந்தார்கள். தகவல் மட்டும் பெற்ற வீடுகளில் மாற்றம் இல்லை.

ஒரு துண்டுப் பிரசுரம் செய்யாததை, பக்கத்தில் உட்கார்ந்த ஓர் ஆள் செய்திருக்கிறார். அதுவும் சில நிமிடங்களில். இடம் கிடைத்தும் சேராமல் கரைந்துபோகும் பிள்ளைகளை அங்குள்ள ஆய்வாளர்கள் 'கோடைக் கரைவு' என்று பெயரிட்டே ஆராய்கிறார்கள். ஏழை மாணவர்களிடையே அது அதிகம் என்றும் கண்டிருக்கிறார்கள்.

வங்காளத்தில் அதற்கான அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 2020-இல் தொடங்கிய பாங்லா சஹாயதா கேந்திரங்கள், நம் இ-சேவை மையங்களைப் போல, அரசின் இணையச் சேவைகளை இலவசமாகச் செய்து தருகின்றன. சேர்க்கைக் காலத்தில் ஒவ்வொரு மையத்திலும் பாடத்தையும் கல்லூரியையும் அறிந்த ஒருவரை உட்காரவைத்தால் போதும். மாலை ஏழு மணிக்கும் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்க வேண்டும். வீட்டு வேலை செய்யும் தாய்க்குப் பகல் பதினொரு மணி ஓய்வு நேரம் அல்ல.

தமிழ்நாடு 2023-இல் இன்னும் ஒரு படி போனது. 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் வந்த 'உயர்வுக்குப் படி' முகாம்கள், பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராத பிள்ளைகளைப் பட்டியல் எடுத்துத் தேடின. கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்து அங்கேயே சேர்க்கை தந்தன. விட்டுப்போன சான்றிதழுக்கும் அங்கேயே ஏற்பாடு. குறை இல்லாத திட்டம் என்று சொல்லவில்லை. ஆனால் 'ஏன் நீ வரவில்லை?' என்று ஓர் அரசு தன் பிள்ளையைத் தேடிப் போவது சின்ன விஷயமல்ல.

அந்த ஓர் அழைப்பு

கல்லூரிகள் சேர்ந்தவர்களை எண்ணுகின்றன. துறை காலி இடங்களை எண்ணுகிறது. விண்ணப்பித்து, இடம் கிடைத்து, கட்டணம் கட்டாமலே விட்ட பிள்ளையின் பெயர் மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை. அடுத்த சுற்றில் அவள் இடம் இன்னொருவருக்குப் போகிறது. அல்லது காலியாகவே கிடக்கிறது.

அவளைக் கண்டுபிடிக்கப் பெரிய முயற்சி தேவையில்லை. அவள் எண் சால்ட் லேக்கில் இருக்கிறது. ஓ.டி.பி. அனுப்பிய அதே எண். அவள் எடுத்த மதிப்பெண்ணும், கேட்ட பாடமும், கிடைத்த கல்லூரியும் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே பதிவாகியிருக்கின்றன.

கட்டணக் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அந்த எண்ணுக்கு ஓர் ஆள் கூப்பிடட்டும். சென்னையில் ஒரு கட்டடத்தில் மணி அடிக்கும். அப்பா எடுக்காவிட்டால், வேலை முடிந்து அவர் சாரத்தைவிட்டு இறங்கும் ஆறரை மணிக்கு மறுபடி கூப்பிடட்டும். "உங்க பொண்ணுக்குச் சீட் கிடைச்சிருக்கு. இன்னும் சேரலையே, ஏன்?" என்று கேட்கட்டும்.

பதில் இரண்டாயிரம் ரூபாயாக இருக்கலாம். பெயரில் மாறிய ஓர் எழுத்தாக இருக்கலாம். தன் பெண்ணுக்கு இடம் கிடைத்த செய்தியே அப்போதுதான் அவருக்குத் தெரியவரலாம்.